வெந்நீரூற்றுக் கிருமிகளும் பாதரச நஞ்சும்

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து துப்புரவு செய்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கோடிப்புறக் கொட்டிலின் மூலையில் ஒரு தகரப் பேணி. அதில் ஒட்டியிருந்த கடதாசியைக் கறையான் தின்றுவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள். விதைக்குப் பிரட்டிய மருந்தா, வெங்காயத்துக்குத் தூவியதா, எலிக்கு வைத்ததா என்று சொல்ல யாருமில்லை. வாங்கி வைத்தவர் இன்று உயிரோடில்லை.

தீவகத்தின் பல கிராமங்கள் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வெறுமையாகின. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று எங்கும் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோணி ஏறினர். கொட்டிலில் இருந்த மருந்துப் பேணியை யார் நினைத்தார்கள்? சிலர் சில ஆண்டுகளில் திரும்பினர். சிலர் 2009க்குப் பின் திரும்பினர். இன்னும் சிலர் வேறு ஊர்களிலேயே தங்கி, இடைக்கிடை வந்து காணியைப் பார்த்துப் போகின்றனர்.

"உது கிடந்து முப்பது வரியத்துக்கு மேல தம்பி. இனி உதில என்ன நஞ்சு இருக்கப் போகுது?" என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய அரிசி சத்துக் குறைகிறது. பழைய குளிசை வேலை செய்வதில்லை. அப்படியானால் பழைய நஞ்சும் வலுவிழக்க வேண்டுமல்லவா?

சில நஞ்சுகள் அவ்வாறு வலுவிழப்பது உண்மை. வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் சில நஞ்சுகளுக்கு முதுமையே கிடையாது. அவற்றுள் ஒன்று பாதரசம். பள்ளிப் புத்தகத்தில் 'இரசம்' என்று படித்தோமே, அதுதான். இந்த நஞ்சைச் சமாளிக்கும் வழியைக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுக்கொண்ட சிற்றுயிர்கள் உண்டு. அவற்றின் கதையைத் தெரிந்துகொண்டால், அந்தப் பேணியை என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பாதரசம் ஏன் அழிவதில்லை?

ஒரு பொருளை எரித்தால் அது சாம்பலாகவும் புகையாகவும் மாறுகிறது. மண்ணில் ஊற்றிய எண்ணெயைப் பற்றீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்று நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடும். எண்ணெய் பல மூலகங்கள் சேர்ந்த சேர்வை என்பதால் அதைப் பிரிக்க முடிகிறது.

பாதரசம் ஒரு மூலகம். பொன், இரும்பு, ஈயம் போல. அதை எரித்தால் ஆவியாகும். பின்னர் எங்கோ குளிர்ந்து மீண்டும் பாதரசமாகவே விழும். புதைத்தால் மண்ணிற் கிடக்கும். கரைத்தால் நீரோடு போகும். இடமும் வடிவமும் மாறலாமே தவிர, அது இல்லாமற் போவதில்லை.

அதன் வடிவங்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியில் வெள்ளிக் கம்பி போலத் தெரியும் உலோக வடிவம். இதன் ஆவியைச் சுவாசிப்பது ஆபத்து. இரண்டாவது, நீரிற் கரையக்கூடிய உப்பு வடிவம். மூன்றாவது, காபனோடு சேர்ந்த வடிவம். இதில் மிகக் கொடியது மெதைல் இரசம். இது மூளையையும் நரம்பையும் தாக்கும். தாயின் வயிற்றிலுள்ள பிள்ளையையும் சென்றடையும்.

உடலுக்குள் இது செய்யும் கேடு என்ன? எமது உடலின் புரதங்களில் ஆங்காங்கே கந்தகம் உண்டு. புரதம் சரியாக மடிந்து வேலை செய்வதற்கு அந்தக் கந்தகம் ஒரு கொளுக்கி போல உதவுகிறது. பாதரசத்துக்கோ கந்தகத்தின் மேல் அடங்காத நாட்டம். சித்த வைத்தியத்தில் பேசப்படும் சாதிலிங்கம் என்ற சிவப்புக் கல், பாதரசமும் கந்தகமும் இணைந்ததுதான். கல்லுக்குள் கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும் அதே நாட்டத்தோடு, உடலுக்குள்ளும் புரதத்தின் கந்தகத்தை அது பற்றிக்கொள்கிறது. கொளுக்கி அடைபட்டதும் புரதம் வேலை செய்யாது.

மனிதருக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் மண்ணிலுள்ள கிருமிக்கும் இந்தக் கதி ஒன்றுதான். கிருமியையும் கொல்லும் என்பதனாற்றான் முன்னர் பாதரசத்தை மருந்தாகப் பயன்படுத்தினர். காயத்துக்குப் பூசிய சிவப்பு மருந்தான மேர்க்கியூறோகுறோமில் பாதரசம் இருந்தது. விதைநெல்லுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உலகெங்கும் பாதரசத் தூள் பிரட்டினர். இந்தியாவில் அக்ரோசான், செரசான் என்ற பெயர்களில் இவை விற்பனையாகின.

கொதிநீரில் ஒரு குடித்தனம்

திருகோணமலைக்குப் போனவர்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்திருப்பர். அருகருகே ஏழு கிணறுகள். தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். மழைநீர் பாறைப் பிளவுகளூடாக நிலத்தின் ஆழத்துக்குப் போய், அங்குள்ள வெப்பத்தாற் சூடாகி மேலே வருவதே அந்த வெந்நீர். அதன் சூடு ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ். குளிக்க இதமான சூடு.

உலகில் இதைவிடப் பன்மடங்கு சூடான ஊற்றுகள் உண்டு. எரிமலைப் பாங்கான இடங்களில் நீர் கொதித்தபடியே வெளிவரும். அமெரிக்காவின் யெலோஸ்ரோன் என்ற இடம் இதற்குப் பேர்போனது. ஆழ்கடலின் அடியிலும் இத்தகைய ஊற்றுவாய்கள் உண்டு. அவற்றை 1977 ஆம் ஆண்டில் பசுபிக் சமுத்திரத்திற் கண்டுபிடித்தனர்.

கை வைத்தால் வெந்துபோகும் அந்த நீரில் உயிர் இருக்குமா? இருக்கிறது. 1969 ஆம் ஆண்டில் தோமஸ் புறொக், ஹட்சன் பிறீஸ் ஆகிய இருவர், யெலோஸ்ரோன் ஊற்றில் 70 பாகைச் சூட்டில் நன்றாக வளரும் ஒரு பற்றீரியாவைப் பற்றி எழுதினர். அதற்குத் தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்று பெயர். கொரோனாக் காலத்தில் மூக்கிற் பஞ்சு விட்டு எடுத்தார்களே பி.சி.ஆர். பரிசோதனை, அந்த முறை வளர்ந்தது இந்தப் பற்றீரியாவிலிருந்து பெற்ற ஒரு நொதியத்தினால்தான். கொதிநீர்க் கிருமியின் பயனை நாமும் அனுபவித்திருக்கிறோம்.

இத்தகைய ஊற்றுகள் வெறும் நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. நிலத்தின் ஆழத்திலிருந்து கந்தகமும் ஆர்சனிக்கும் பாதரசமும் சேர்ந்து வருகின்றன. ஆகவே அங்கே வாழும் உயிர் சூட்டையும் தாங்க வேண்டும். நஞ்சையும் தாங்க வேண்டும்.

நஞ்சை ஊதித் தள்ளும் வித்தை

பாதரசத்தைத் தாங்கும் பற்றீரியா என்ன செய்கிறது? வெளியே நின்ற எதிரியை வாசலில் மறிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அது செய்வதோ அதற்கு நேர்மாறு. பாதரச உப்பைத் தானே பிடித்து உள்ளே இழுக்கிறது. உள்ளே ஒரு நொதியம் காத்திருக்கிறது. அந்த நொதியம் உப்பு வடிவிலுள்ள பாதரசத்தை உலோக வடிவுக்கு மாற்றுகிறது. உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாவது. எனவே அது பற்றீரியாவின் உடலைவிட்டு ஆவியாக வெளியேறிவிடுகிறது.

வெள்ளம் புகுந்த வயலை நினைத்துப் பாருங்கள். வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் நீர் கசிந்து வரும். கெட்டிக்காரக் கமக்காரன் ஒரு வாய்க்காலை வெட்டி, வரும் நீரைத் தானே வழிநடத்தி மறுபக்கத்தால் வெளியேற்றுவான். பற்றீரியாவின் முறையும் அதுவே.

மண்ணில் வாழும் பல பற்றீரியாக்களில் இந்த ஏற்பாடு இன்னும் விரிவானது. பாதரசம் வந்துவிட்டதா என்று பார்க்கும் காவற்காரன் போன்ற ஒரு புரதம் உண்டு. நஞ்சு இல்லாதபோது அது வேலையை நிறுத்தி வைக்கும். மிகச் சிறிதளவு நஞ்சு தென்பட்டாலும் உடனே தொடக்கி வைக்கும். உள்ளே கொண்டுவரும் சுமைகாரப் புரதங்கள் உண்டு. மெதைல் இரசம் போன்றவற்றில் காபனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலுள்ள கட்டை அறுக்கும் இன்னொரு நொதியமும் சிலவற்றில் உண்டு. இவை அனைத்துக்குமான பரம்பரை அலகுகள் பெரும்பாலும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் இருக்கின்றன.

எங்கே பிறந்தது இந்த எதிர்ப்பு?

தொழிற்சாலைகள் வந்து, பாதரசக் கழிவு பெருகிய பின்னர்தான் கிருமிகள் இந்த வித்தையைப் பெற்றன என்று முன்னர் பலர் எண்ணியிருந்தனர். அது தவறு. சைபீரியாவில் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களை உருசிய ஆய்வாளர் வளர்த்துப் பார்த்தனர். அவற்றிலும் பாதரச எதிர்ப்புக்கான பரம்பரை அலகுகள் இருந்தன. அக்காலத்தில் தொழிற்சாலை ஏது?

அப்படியானால் தொடக்கம் எங்கே? அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமார் பார்க்கே என்ற பெண் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் இதைத் தேடினர். பசுபிக் கடலடி ஊற்றுவாயிலிருந்து எடுத்த பற்றீரியாக்கள் பாதரசத்தைத் தாங்குவதை 2005 ஆம் ஆண்டில் இக்குழுவினர் அறிவித்தனர். யெலோஸ்ரோன் ஊற்றுகளிலும் அந்த நொதியத்தின் பரம்பரை அலகைக் கண்டனர். பல்வேறு உயிர்களிலுள்ள அந்த அலகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டனர்.

நாம் ஊரில் உறவுமுறை பார்ப்பதைப் போன்றதே இந்த ஒப்பீடு. இருவர் எங்கே ஒரு பாட்டனில் வந்து சேர்கின்றனர் என்று பின்னோக்கிப் போவோமல்லவா? அவ்வாறு போனபோது, மிகப் பழைய கிளைகள் சூடான ஊற்றுகளில் வாழும் உயிர்களிடமே காணப்பட்டன. அந்தப் பழைய கிளைகளில் உள்ள ஏற்பாடும் எளிமையானது. பலவற்றில் காவற்காரனைக் காணோம். காபன் கட்டை அறுக்கும் நொதியத்தையும் காணோம். அவை பின்வந்த உயிர்களிடம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. முதலில் ஒரு கொட்டில், பிறகு ஒரு திண்ணை, பிறகு ஓர் அறை என்று வீடு வளர்வது போல இந்த ஏற்பாடும் வளர்ந்திருக்கிறது. பார்க்கேயும் எரிக் பொயிட் என்பவரும் 2012 இல் இதைத் தொகுத்து எழுதினர்.

அதற்குக் காலமும் குறிக்கப்பட்டுள்ளது. பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். அதன் முதற் பாதியில் வளியில் ஒட்சிசன் இருக்கவில்லை என்றே சொல்லலாம். அன்றைய ஊற்று நீரில் பாதரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு இறுகிக் கிடந்ததால் அதன் கொடுமை குறைவு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வளியில் ஒட்சிசன் பெருகத் தொடங்கியது. ஒட்சிசன் பட்டதும் பாதரசம் நீரிற் கரையும் நச்சு வடிவுக்கு மாறத் தொடங்கியது. ஊற்றுகளில் வாழ்ந்த உயிர்களுக்கு அதுவே பெரும் சோதனை. அதன் பின்னரே இந்த எதிர்ப்புத் தோன்றியது என ஆய்வாளர் கருதுகின்றனர்.

நஞ்சு கற்பிக்கவில்லை, தெரிந்தெடுத்தது

எதிர்ப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தோட்டம் செய்தவர்களுக்கு விளக்குவது எளிது. கோவாவில் புழு விழுந்தால் மருந்தடிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாகிறது. மிஞ்சிய ஒன்று பிறவியிலேயே ஏதோ ஒரு சிறு வித்தியாசத்தாற் பிழைத்தது. அடுத்த முறை விழும் புழுக்கள் அதன் பிள்ளைகள். அதே மருந்தை மீண்டும் மீண்டும் அடித்தால், சில போகங்களுக்குள் தோட்டம் முழுவதும் அந்தப் பரம்பரையே நிறைந்திருக்கும். "மருந்துக்குப் புழு பழகிப் போச்சு" என்கிறோம். உண்மையில் எந்தப் புழுவும் பழகவில்லை. பழகாதவை செத்தன, தாங்கக்கூடியவை பெருகின.

வெந்நீரூற்றிலும் இதுவே நடந்தது. பாதரசத்தை மாற்றும் நொதியம் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. பற்றீரியாவின் உடலில் வேறு அன்றாட வேலை செய்துகொண்டிருந்த ஒரு நொதியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அது. தலைமுறை தலைமுறையாகச் சிறு சிறு மாற்றங்கள் ஏற்பட்டு, அவற்றுள் பாதரசத்தைச் சற்றேனும் மாற்றக்கூடியவை பிழைத்துக்கொண்டன. வித்தியாசத்தை நஞ்சு உண்டாக்கவில்லை. இருந்த வித்தியாசங்களிற் சிலவற்றைத் தெரிந்தெடுத்தது.

பின்னர் இந்த வித்தை ஊற்றைவிட்டு வெளியே பரவியது. பற்றீரியாக்கள் தம் பரம்பரை அலகைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் வேறு இனப் பற்றீரியாவுக்கும் கைமாற்றாகக் கொடுக்கின்றன. அயலவரிடம் விதை வெங்காயம் மாற்றிக்கொள்வதைப் போன்றது அது. அவ்வாறு கைமாறிக் கைமாறி இன்று சாதாரண மண்ணிலும் கடல் நீரிலும் மனிதக் குடலிலும் இந்த எதிர்ப்பு உண்டு. கோவாவிலுள்ள இந்தியத் தேசிய சமுத்திரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இராமையா, ஜெயசங்கர் டே ஆகிய ஆய்வாளர், இந்தியக் கரையோர நீரில் பாதரசம் தாங்கும் பற்றீரியாக்கள் பெருகியிருப்பதை 2003 ஆம் ஆண்டில் எழுதினர். பாதரசம் கூடிய இடத்தில் இவை கூடும். எனவே இவற்றின் பெருக்கம் எமக்கு ஓர் எச்சரிக்கை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாதரச எதிர்ப்பு அலகுகள் பல சமயங்களில் நோய் மருந்துகளை எதிர்க்கும் அலகுகளோடு ஒரே பொதியிற் பயணம் செய்கின்றன. அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் சமர்ஸ் குழுவினர், குரங்குகளின் பல்லில் பாதரசக் கலவை அடைத்துப் பார்த்தனர். அவற்றின் குடலில் பாதரசம் தாங்கும் பற்றீரியாக்கள் பெருகின. அவற்றுட் பல, நோய் மருந்துகளையும் தாங்கின. 1993 இல் வெளிவந்த செய்தி இது. ஒரு நஞ்சை அளவின்றிப் பயன்படுத்தினால், அதோடு சம்பந்தமில்லாத மருந்தும் பயனற்றுப் போகலாம் என்பதே இதன் பொருள்.

பற்றீரியா எம்மைக் காப்பாற்றுமா?

"அப்படியெண்டால் அந்தப் பற்றீரியாவைக் கொண்டுவந்து மண்ணில விட்டால் சரிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் அவ்வாறே கேட்டனர். ஜேர்மனியில், பாதரசம் கலந்த தொழிற்சாலைக் கழிவு நீரைப் பற்றீரியாக்கள் நிறைந்த மூடிய தொட்டியூடாகச் செலுத்தினர். பற்றீரியாக்கள் மாற்றிய உலோகப் பாதரசம் தொட்டிக்குள்ளேயே துளிகளாகத் தங்கியது. தொட்டி இருந்தால் இது நல்ல வழி.

திறந்த காணியில் நிலைமை வேறு. பற்றீரியா பாதரசத்தை அழிப்பதில்லை என்று முன்னரே பார்த்தோம். தன் உடலைவிட்டு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆவியானது காற்றில் ஏறிப் போய், மழையோடு வேறொரு நிலத்தில் அல்லது கடலில் விழும். தன் வளவுக் குப்பையை வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் எறிவது போன்றதுதான் இதுவும்.

கடலிலும் சேற்றிலும் விழுந்த பாதரசத்துக்கு என்ன நடக்கும்? அங்கே வேறு வகைப் பற்றீரியாக்கள் உண்டு. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் அவற்றுட் சில, பாதரசத்தை மெதைல் இரசமாக மாற்றுகின்றன. அது சிற்றுயிரில் ஏறி, சிறு மீனில் ஏறி, பெரிய மீனில் சேர்ந்து திரள்கிறது. யப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலுக்குள் விட்ட கழிவு மீன்வழியாக மீனவக் குடும்பங்களைச் சென்றடைந்தது. 1956 ஆம் ஆண்டில் அந்த நோய் வெளியே தெரியவந்தது. பிற்காலத்தில் மினமாட்டாக் குடாவின் சேற்றிலும் பாதரசம் தாங்கும் பற்றீரியாக்களை ஆய்வாளர் கண்டெடுத்தனர். அதாவது, பற்றீரியா பிழைத்துக்கொண்டது. மீன் தின்ற மனிதர் பிழைக்கவில்லை.

எமக்கு அண்மையில் நடந்தது கொடைக்கானற் கதை. அங்கே 1983 ஆம் ஆண்டில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் இருந்த தொழிற்சாலையே பெயர்த்து இங்கு கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கையில் இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய பொருட் கடையிற் கிடப்பதை மக்கள் கண்டு எதிர்க்க, 2001 ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003 இல் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு 2016 ஆம் ஆண்டில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அந்த மண்ணை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்காடல் ஓயவில்லை. காலம் போனால் நஞ்சும் போய்விடும் என்றால், அந்த மக்கள் இத்தனை ஆண்டு போராடியிருக்க வேண்டியதில்லை.

ஈராக்கியக் கமக்காரர் தந்த பாடம்

பாதரசம் பற்றிப் பேசும்போது, இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு துயரம் உண்டு. 1971 ஆம் ஆண்டில் ஈராக்கில் வரட்சிக்குப் பின்னர் வெளிநாடுகளிலிருந்து ஏறக்குறைய 95,000 தொன் கோதுமை, பார்லி விதை இறக்கப்பட்டது. விதைப்பதற்கான தானியம் அது. மெதைல் இரசம் பிரட்டி, எச்சரிக்கையாகச் சிவப்புச் சாயமும் போட்டிருந்தனர். மூட்டையில் எச்சரிக்கை அந்நிய மொழிகளில் இருந்தது. பல இடங்களுக்கு விதைப்புக் காலம் கடந்த பின்னரே விதை வந்து சேர்ந்தது.

வீட்டில் பசி. மூட்டையில் தானியம். சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று மக்கள் எண்ணினர். சிலர் முதலிற் கோழிக்குப் போட்டுப் பார்த்தனர். சில நாட்களில் கோழிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அரைத்து ரொட்டி சுட்டனர். மெதைல் இரசத்தின் கொடுமை பல வாரங்களுக்குப் பின்னரே வெளிப்படும் என்பது அவர்களுக்குத் தெரியாது. 6,500க்கும் அதிகமானோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அங்கே இறந்தோர் என்று பதிவானவர்கள் மட்டும் 459 பேர்.

அந்த மக்கள் அறிவற்றவர்கள் அல்லர். மண்ணை அறிந்த கமக்காரர். நிவாரண மூட்டையை நம்பி வாங்கியவர்கள். எம்மவரும் முகாமிலும் உறவினர் வீட்டு முற்றத்திலும் நிவாரணத் தானியத்துக்கு வரிசையில் நின்றவர்களே. ஆகவே இந்தக் கதை எமக்குத் தூரத்துக் கதையன்று.

நாம் செய்ய வேண்டியவை

பாதரசம் கலந்த பீடைகொல்லிகளையும் வேறு பல பொருட்களையும் நிறுத்துவதற்கான மினமாட்டாச் சாசனம் 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. ஆயினும் பழைய பொருட்கள் வீடுகளில் உண்டு.

நிறம் போட்ட விதை எதுவானாலும் அது விதைப்பதற்கு மட்டுமே. இன்று பிரட்டும் மருந்துகள் வேறு, அவையும் நஞ்சே. கழுவியோ அவித்தோ உண்ண வேண்டாம். கோழிக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம். விதை வந்த சாக்கில் அரிசி கட்ட வேண்டாம்.

பெயர் தெரியாத பழைய மருந்துப் பேணியைத் திறந்து மணந்து பார்க்க வேண்டாம். எரித்தால் ஆவியைச் சுவாசிப்போம். புதைத்தால் அது கிணற்றைத் தேடிப் போகும். எமது தீவுகளின் அடிநிலம் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது விரைவில் கீழே இறங்கும். உவர் நீரின்மேல் மிதக்கும் சிறிதளவு நன்னீரே எமது கிணறுகளில் உள்ளது. அது கெட்டால் மாற்றுக் கிணறு கிடையாது. பேணியை அப்படியே மூடியுள்ள பிளாத்திக்கு வாளிக்குள் வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், கிணற்றுக்குத் தூரமாக வையுங்கள். பின்னர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

பாதரச வெப்பமானி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு யன்னல்களைத் திறந்து விடுங்கள். விளக்குமாற்றாற் கூட்ட வேண்டாம். கூட்டினால் துளி சிதறி எங்கும் பரவும். மட்டைத் துண்டால் துளிகளை ஒன்றாக ஒதுக்கி, சிறிது நீருள்ள போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். கையில் தங்க மோதிரம் இருந்தால் முதலிற் கழற்றுங்கள். பாதரசம் பொன்னோடு ஒட்டிக்கொள்ளும். நீளமான குழல் விளக்குகளையும் சுருள் மின்குமிழ்களையும் பிள்ளைகள் உடைத்து விளையாட விடாதீர்கள்.

மீன் எமக்கு அவசியமான உணவு. பயந்து விட்டுவிட வேண்டியதில்லை. சூடை, நெத்தலி, கீரி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. பல ஆண்டுகள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்னும் பெரிய சுறா, வாள்மீன் போன்றவற்றில் அது திரண்டிருக்கும். சமைத்தாலும் பொரித்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கும் எமது வழக்கத்தில், சிறிய பால்சுறாவையே தெரிந்து, இடைக்கிடை கொடுக்கலாம்.

முகத்தை வெண்மையாக்கும் என்று சொல்லி, தயாரித்தவர் பெயரும் இடமும் இன்றி விற்கப்படும் களிம்புகளை வாங்காதீர்கள். பாதரசம் கலந்த களிம்புகள் பல நாடுகளிற் பிடிபட்டுள்ளன.

அந்தப் பெரியவருக்கு நாம் சொன்ன மறுமொழியும் இதுதான். "ஐயா, உங்கட பேணிக்குள்ள இருக்கிறது பாதரசமோ வேறென்னமோ எங்களுக்குத் தெரியாது. பாதரசமெண்டால், முப்பது வருசம் அதுக்கு ஒரு நாள் மாதிரி."

வெந்நீரூற்றுக் கிருமிக்கு இந்த நஞ்சைச் சமாளிக்கும் வழி கிடைக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளும், எண்ணிக் கணக்கிட முடியாத சாவுகளும் தேவைப்பட்டன. எமது உடலில் அந்த நொதியம் இல்லை. அது தோன்றும்வரை காத்திருக்க எமக்குத் தலைமுறைகளும் இல்லை. எமக்குள்ள காவற்காரன் எமது அறிவுதான். பேணியைப் பெரியவர் இப்போது வாளிக்குள் மூடி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கோடிப்புறத்தையும் இன்றே ஒருமுறை பாருங்கள்.